திரைக்கதைத் தேர்வுக்குத் தயாராகிறீர்களா? முதல் காட்சியில் உட்காருங்கள்

புனே திரைப்படக் கல்லூரி, கொல்கத்தா சத்யஜித் ராய் நிறுவனம் போன்ற இடங்களில் சேர எழுத்துத் தேர்வும் நேர்முகமும் உண்டு. அதற்குத் தயாரானபோது என் நேரத்தில் பெரும்பகுதி முதல் காட்சிக்கே போனது. நீங்களும் அதற்கே முதலிடம் கொடுங்கள்.

வடிவம் சீக்கிரம் பிடிபட்டுவிடும். உள்ளே அல்லது வெளியே, இடம், பகல் அல்லது இரவு என்று காட்சித் தலைப்பு, நிகழ்காலத்தில் விவரணை. ஹாலிவுட் முறையில் 12 புள்ளி அளவில் கூரியர் (Courier) என்ற எழுத்துருவில் ஒரு பக்கம் என்றால் ஏறக்குறைய ஒரு நிமிடப் படம். கேமராவுக்கும் மைக்குக்கும் சிக்காததை எழுதாமல் இருப்பதுதான் கஷ்டம்.

"செல்வி, வயது 40, கடனில் தத்தளிப்பவள்" என்று எழுதினால் தியேட்டரில் இருப்பவருக்கு அது போய்ச் சேராது. பயிற்சியில் நான் அதை அடகுக் கடைக்குக் கொண்டுபோனேன். செல்வி தோடுகளைக் கழற்றி மேசைமேல் வைக்கிறாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த வேப்பங்குச்சிகளை எடுத்துக் காதுத் துளைகளில் செருகிக்கொள்கிறாள். தராசைப் பார்த்தபடியே கடைக்காரர் கேட்கிறார்: "போன வாரம்தானேக்கா மீட்டுட்டுப் போனீங்க?" அவள் பதில் பேசாமல் ரசீதுக்குக் கை நீட்டுகிறாள்.

குச்சியைக் கையோடு கொண்டுவந்தவளுக்கு இது பழகிப்போன வேலை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒரு வாரத்தில் என்ன நடந்தது என்ற கேள்வி நம்மை அடுத்த காட்சிக்கு இழுத்துப் போகும். ஆள் யாரென்று செயலில் தெரிய வேண்டும், கூடவே ஒரு கேள்வியும் பிறக்க வேண்டும். அலாரம் அடித்து நாயகன் எழுந்து பல் துலக்கும் தொடக்கங்களில் பெரும்பாலும் இந்தக் கேள்வி இருப்பதில்லை. பின்னணிக் குரல் வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்; படம் காட்டுவதையே குரலும் சொன்னால் வீண், அவ்வளவுதான்.

முடிவு தெரியாமல் தொடக்கத்தை மெருகேற்றவும் வேண்டாம். செல்வி கடைசியில் தோட்டை மீட்கப்போகிறாளா, தோடே வேண்டாம் என்று நிமிரப்போகிறாளா? அதைப் பொறுத்துத்தான் முதல் காட்சியில் அவள் கூனிக் குறுகி நிற்பதா, அலட்சியமாக நிற்பதா என்பது முடிவாகும்.

எழுதியதும் கதை தெரியாத ஒருவரிடம் முதல் பக்கத்தை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். "அப்புறம்?" என்று கேட்டால் சரி. "இவங்க யாரு?" என்று கேட்டால், விளக்க வரி சேர்க்காமல், அந்த ஆள் செய்கிற காரியத்தை மாற்றிப் பாருங்கள்.