அப்பப்பாவின் றலி: எது அசல், எது பிறகு ஏறியது?

அப்பாவுக்குப் பிறகு வீட்டிலிருந்த பழைய றலிச் சைக்கிள் என் பொறுப்புக்கு வந்தது. வட்டக்கச்சியில் காணி கிடைத்துக் குடியேறிய புதிதில் அப்பப்பா வாங்கியது என்பார்கள். கொழும்பில் பழைய சைக்கிள் சேர்க்கும் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, "ஒறிஜினலாக இருந்தால் நல்ல விலை தரலாம்" என்றார். விற்கிற எண்ணம் எனக்குப் பெரிதாக இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வி மண்டைக்குள் நின்றுவிட்டது. வன்னியில் ஒரு சைக்கிளைப் பற்றி அப்படிக் கேட்டால், அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது: இது எங்களுடைய சைக்கிள்தானா?

2009 இல் போரின் கடைசி நாட்களில் வட்டுவாகல் பக்கம் எல்லோரும் போட்டுவிட்டு வந்தது போல எங்கள் வீட்டாரும் அதைப் போட்டுவிட்டுத்தான் வந்தார்கள். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு, குவிந்து கிடந்த சைக்கிள்களுக்குள் சித்தப்பா இதைத் தேடி இழுத்து வந்தார். கரியரில் வெல்டிங் பிடித்த இரும்புக் கம்பிகளைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டாராம். பொருளாதாரத் தடைக் காலத்தில் நெல் மூட்டையும் விறகும் ஏற்றுவதற்கு அப்படிக் கம்பி வைக்காத சைக்கிள் எத்தனை இருந்திருக்கும்? அதனால் அந்த அடையாளத்தை நான் முழுதாக நம்பவில்லை.

உதவிக்கு வந்தது உறுதிப் பை. காணி உறுதி, பிறப்புப் பத்திரம் எல்லாம் போட்டு, இடம்பெயர்ந்த இடமெல்லாம் அம்மா தூக்கித் திரிந்த பை அது. அதற்குள் யாழ்ப்பாணக் கடையொன்றின் 1958 ஆம் ஆண்டுப் பற்றுச்சீட்டு இருந்தது. சைக்கிளின் சட்டத்தில் (பிரேமில்) குத்தியிருக்கும் எண்ணும் எழுதியிருந்தார்கள். கடைசி இலக்கத்தைப் பூச்சி தின்றுவிட்டது. சீற் குழாய் வந்து சேரும் இடத்தை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைக்கத் துடைக்க எண் தெரிந்தது. மிச்ச இலக்கங்கள் எல்லாம் பொருந்தின. சரி, சட்டம் எங்களுடையதுதான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். துடைப்பதற்குத் துணியும் மண்ணெண்ணெயும் போதும். கம்பித் தூரிகையும் மண்கடுதாசியும் பக்கத்தில் வரவே கூடாது. துருவோடு சேர்த்து, பார்க்க வேண்டிய அடையாளங்களையும் அவை தின்றுவிடும்.

றலியின் சட்டத்து எண்ணை மட்டும் வைத்து ஆண்டு சொல்வது கடினம். எண் போடும் முறையை அவர்கள் மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள். ஆண்டு பார்ப்பதற்கு நல்ல இடம் பின் சில்லின் ஹப், அதாவது கம்பிகள் எல்லாம் வந்து சேரும் நடு உருளை. ஸ்டேர்மி-ஆர்ச்சர் என்ற, அப்போது நொட்டிங்ஹாமில் இருந்த நிறுவனத்தின் மூன்று கியர் ஹப் இருந்தால் அதன் உடலிலேயே ஆண்டும் மாதமும் குத்தியிருக்கும். எங்களுடையதில் ஏ.டபிள்யூ. என்ற மாதிரிப் பெயரும், 57, 11 என்ற இலக்கங்களும் இருந்தன. 1957 நவம்பரில் செய்த ஹப், 1958 இல் யாழ்ப்பாணத்தில் விற்ற சைக்கிளில் இருப்பது கணக்குக்குச் சரி. ஹப்பின் ஆண்டு பற்றுச்சீட்டுக்குப் பிந்தியதாக இருந்திருந்தால், பின்னர் மாற்றியது என்று அங்கேயே முடிந்திருக்கும்.

இது மூன்று கியர் சைக்கிள் என்பதே வீட்டில் என் தலைமுறைக்குத் தெரியாது. ஹாண்டிலில் இருக்க வேண்டிய கியர் சுவிட்சும் இல்லை, கேபிளும் இல்லை. கேபிள் இழுக்காவிட்டால் இந்த ஹப் தானாகவே, மிதிக்கப் பாரம் கூடிய மூன்றாம் கியருக்குப் போய்விடும். முரசுமோட்டைக் காற்றுக்கு எதிரே மிதித்து வந்து "இது சரியான பாரமடா" என்று அப்பா ஏசியதற்கெல்லாம் காரணம் இதுதான்.

முன் சில்லு வேறு கதை. அந்தக் கால இங்கிலாந்து றலிக்கு முன்னால் 32 கம்பியும் பின்னால் 40 கம்பியும் இருக்கும். எங்களுடையதில் பின்னால் 40 சரியாக இருந்தது. முன்னால் எண்ணினால் 36. யாரோ எதிலிருந்தோ கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள். சீற் இந்தியச் சாமான், பெடல்களும் அப்படியே.

அடுத்தது, இது இங்கிலாந்தில் நொட்டிங்ஹாமில் செய்த றலியா, இந்தியாவில் அசன்சோலில் செய்ததா என்பது. 1950களிலிருந்து இந்தியாவின் அசன்சோலில் சென்-றலி என்ற பெயரில் சைக்கிள் செய்தார்கள். முன் கழுத்தில் றலியின் சின்னமான கொக்குத் தலை போட்ட தகட்டில் நொட்டிங்ஹாம், இங்கிலாந்து என்று இருந்தாலும், தகட்டைக் கழற்றி மாட்ட ஒரு மணித்தியாலம் போதும். அதனால் பொருள்கள் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றனவா என்று பார்ப்பதுதான் பாதுகாப்பு. செயின் சில்லில் கொக்குத் தலைகள் மூன்று வெட்டியிருந்தன. முன் சில்லைப் பிடிக்கும் கவையின் தோளில், குழாய் முனைகளை மூடும் இரண்டு பளபள மூடிகளும் இருந்தன. பரந்தனில் சைக்கிள் திருத்தும் ஐயா கிராங் அச்சைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்கு கடையில விக்கிற கிண்ணம் ஏறாது, மரை வேற" என்றார். றலி தன் அச்சுக் கிண்ணத்துக்கு அங்குலத்துக்கு 26 மரை வைத்தது. மற்றவர்களின் வழமை 24. புத்தகம் எதுவும் பார்க்காமல் கைவிரலால் அதைச் சொல்லிவிட்டார்.

பெயின்ட்தான் எனக்கு அதிக நேரம் எடுத்தது. மேலே தெரிந்த கறுப்பு, தூரிகைக் கோடு தெரியத் தெரியப் பூசியது. கழுத்துத் தகட்டின் விளிம்பிலும் ஏறியிருந்தது. சூளையில் சுட்ட பழைய எனாமல் தின்னருக்கு லேசில் அசையாது. கையால் பூசியது குழைந்து வரும். கிராங் பெட்டிக்கு அடியில், யாரும் பார்க்காத இடத்தில், பஞ்சில் தொட்டுத் தேய்த்தேன். மேல் கறுப்பு பஞ்சோடு வந்தது, அடியில் கண்ணாடி போன்ற இன்னொரு கறுப்பு நின்றது. அதே வேலையை மட்காட்டில் செய்யக் கூடாது. பொன்னிறக் கோடுகளும் ஒட்டு எழுத்துகளும் தின்னரில் போய்விடும். செயின் மூடியைப் பிடித்திருந்த பட்டியைக் கழற்றியபோது, அதன் அடியில் வெயில் படாமல் கிடந்த ஒரு துண்டில் பொன்னிறக் கோடு அப்படியே இருந்தது.

கொழும்புக்காரருக்கு உள்ளதை எழுதினேன்: சட்டம், கவை, பின் ஹப், செயின் சில்லு, கிராங் அச்சு அசல், முன் சில்லு, சீற், பெடல், மேல் பெயின்ட் பிறகு வந்தவை, கரியர் வெல்டிங் போர்க்கால வேலை. கரியரை அறுத்து, புதிதாகப் பெயின்ட் அடித்துத் தந்தால் எடுக்கலாம் என்று பதில் வந்தது. புதிதாக அடித்தால் அசல் எனாமலும் போய்விடும். அவர் கேட்டதே அதைத்தானே! கரியரையும் நான் அறுக்கப் போவதில்லை. அந்தக் கம்பிகள் இல்லாத சைக்கிளை வட்டக்கச்சியில் யாரும் அப்பப்பாவினுடையது என்று ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

இப்போது தேடுவது கியர் சுவிட்சும், கியர் மாற்றக் கேபிள் இழுக்கிற, ஹப்புக்குள் போகும் சின்னச் செயினும். அந்தச் செயினை வாங்கும் முன் பின் அச்சு 5¾ அங்குலமா 6¼ அங்குலமா என்று அளந்துகொள்ளுங்கள். ஒன்றுக்கு உரியது மற்றதற்குப் பொருந்தாது.