பெரியம்மாவுக்கு ஒரு பாட்டுப் பெட்டி

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்குக் கண்ணில் பிரஷர். வலது கண் பார்வை போய் மூன்று வருடம் ஆகிறது. இடது கண்ணில் வெளிச்சமும் நிழலும்தான் தெரிகிறது. டச் போனைக் கையில் கொடுத்தால் எங்கே தொடுவது என்று புரியாமல் திருப்பித் தந்துவிடுவார். அவருக்கு வேண்டியது தடவிப் பார்த்தால் விரலுக்குத் தட்டுப்படும் பட்டன்.

அப்போதுதான் என் மேசை டிராயரில் கிடந்த சான்சா கிளிப் பிளஸ் என்ற எம்பி3 பிளேயர் ஞாபகம் வந்தது. 2010ல் வாங்கியது. தீப்பெட்டி அளவுதான், பின்னால் சட்டையில் மாட்டிக்கொள்ள ஒரு கிளிப், முன்னால் நடுவில் ஒரு பட்டன், அதைச் சுற்றி நாலு திசைக்கும் நாலு. சின்னத் திரையில் மேல் வரி மஞ்சளாகவும் மற்றதெல்லாம் நீலமாகவும் ஒளிரும். எஃப்எம் உண்டு, மைக்ரோ எஸ்டி கார்டும் போடலாம். சார்ஜ் போட்டேன், உயிர் இருந்தது.

பெரியப்பா எங்கள் பக்கத்துக் கோயில் கொடைகளில் டேப்ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு விடிய விடிய வில்லுப்பாட்டைப் பதிவு செய்தவர். அவர் விட்டுப்போன 41 கேசட்டையும் நான் ஏற்கெனவே ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஏற்றி எம்பி3 ஆக்கி வைத்திருந்தேன். அதை இந்தப் பெட்டியில் போட்டுக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு சாயங்கால வேலை என்றுதான் உட்கார்ந்தேன்.

என் கணினியில் டெபியன் 12 என்ற லினக்ஸ், மேலே எக்ஸ்எஃப்சிஇ என்ற திரைச்சூழல். பிளேயரைச் செருகினேன். கோப்பு மேலாளரில் ஒன்றும் வரவில்லை. கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து, யுஎஸ்பியில் செருகியதையெல்லாம் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி அடித்தேன். மவுஸ் இருக்கிறது, கீபோர்டு இருக்கிறது, பிளேயர் இல்லை. ஆனால் பிளேயர் திரையில் பேட்டரி படம் நிரம்பிக்கொண்டிருந்தது. அதனால் கேபிள் சரியாகத்தான் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டு, இரண்டு மணி நேரம் லினக்ஸைக் குடைந்தேன்.

அந்த இரண்டு மணி நேரம் வீண். யுஎஸ்பி 2 கேபிளுக்குள் நாலு கம்பி. இரண்டு கம்பி மின்சாரத்துக்கு, இரண்டு கம்பி தகவலுக்கு. நான் எடுத்தது ஒரு சின்ன ஸ்பீக்கரோடு வந்த கேபிள், அதில் மின்சாரக் கம்பி மட்டும்தான். சார்ஜ் ஏறும், பேச்சு இருக்காது. இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. நிர்வாகி அனுமதிக்கான சூடோ போட்டு, லினக்ஸின் மையமான கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸேஜ் கட்டளையை, புது வரிகளை வர வரக் காட்டும்படி ஓட விட்டுவிட்டு, அப்புறம் கேபிளைச் செருக வேண்டும். செருகிய நொடியில் ஒரு வரிகூட நகரவில்லை என்றால் சாதனம் வந்து கதவைத் தட்டவே இல்லை என்று அர்த்தம். அங்கே எந்த மென்பொருளை நிறுவியும் பயன் இல்லை.

கிளிப் பிளஸ்ஸில் இருப்பது பழைய மினி யுஎஸ்பி வாய். திருநெல்வேலி ஜங்ஷனில் நாலு கடை ஏறினேன். எல்லோரும் டைப் சி எடுத்து நீட்டினார்கள், ஒருவர் மைக்ரோ கொடுத்தார். கடைசியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவர், பழைய கேமரா பையிலிருந்து ஒன்றைத் தூசி தட்டிக் கொடுத்தார்.

அதைச் செருகியதும் டிமெஸேஜில் மளமளவென்று வரிகள். தயாரிப்பாளர் எண் 0781. அது சான்சாவைத் தயாரித்த சான்டிஸ்க். சந்தோஷமாகக் கோப்பு மேலாளரைப் பார்த்தால் அங்கே இன்னும் வெறுமைதான்.

இந்த இடத்தில்தான் பலரும் லினக்ஸுக்கு இந்தப் பிளேயர் ஆகாது என்று எழுந்து போய்விடுகிறார்கள். உண்மையில் கெர்னல் அதை அடையாளம் கண்டாயிற்று. பிளேயர் எந்த முறையில் பேசுகிறது என்பதுதான் மீதிக் கேள்வி. எம்எஸ்சி முறையில் பேசினால் அது ஒரு பென் டிரைவ் மாதிரி: தன் வட்டு முழுவதையும் கணினியிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கி நிற்கும். எம்டிபி முறையில் வட்டு பிளேயரிடமே இருக்கும். கணினி ஒரு கோப்பைக் கேட்டால் எடுத்துத் தரும், ஒன்றைக் கொடுத்தால் வாங்கி வைக்கும். கேமராக்களுக்கான பிடிபி முறையை நீட்டி மைக்ரோசாஃப்ட் உருவாக்கியது இது. 2008ல் யுஎஸ்பி தரங்களை வகுக்கும் அமைப்பு இதைத் தரமாக ஏற்றுக்கொண்டது. கிளிப் பிளஸ்ஸுக்கு இரண்டு முறையும் தெரியும். எல்எஸ்யுஎஸ்பி காட்டும் அடையாள எண்ணின் கடைசி இலக்கம் 0 என்றால் எம்டிபி, 1 என்றால் எம்எஸ்சி. என்னுடையது 0 காட்டியது.

எம்டிபியிலேயே வைத்துக்கொள்ள நினைத்தாலும் வழி இருக்கிறது. லினஸ் வாலே பல ஆண்டுகள் பராமரித்த லிப்எம்டிபி என்ற நிரல் நூலகத்தில் சாதனங்களின் நீண்ட பட்டியல் ஒன்று உண்டு. எந்த எண் எந்தப் பிளேயர், அதற்கு என்னென்ன சிறப்புக் கவனிப்பு வேண்டும் என்று பலர் சேர்ந்து எழுதியது. எம்டிபி-டிடெக்ட் என்ற கட்டளை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுச் சொல்லும். கட்டளைக்குத் தெரிந்தும் கோப்பு மேலாளரில் தெரியவில்லை என்றால் கோப்பு மேலாளரை இத்தகைய சாதனங்களோடு இணைக்கும் ஜிவிஎஃப்எஸ்-பேக்எண்ட்ஸ் என்ற மென்பொருள் பொதி இருக்கிறதா என்று பாருங்கள். என் நிறுவலில் அது இல்லை. போட்டுவிட்டு வெளியேறி உள்ளே வந்ததும் பிளேயர் இடதுபக்கப் பட்டியலில் வந்துவிட்டது.

ஆனால் எனக்கு எம்எஸ்சிதான் வேண்டியிருந்தது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். பிளேயரின் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய், யுஎஸ்பி மோடை எம்எஸ்சிக்கு மாற்றினேன். மறுபடி செருகியதும் இரண்டு டிரைவ் வந்தன. ஒன்று உள்நினைவகம், இன்னொன்று மைக்ரோ எஸ்டி கார்டு. ஒரு எச்சரிக்கை: ஒரு முறையில் ஏற்றிய பாட்டு, கணினியில் பார்க்கும்போது அடுத்த முறையில் தெரியாது. 2010ல் நான் எம்டிபியில் ஏற்றிய பாட்டெல்லாம் பிளேயரில் ஒலித்தன, கணினியில் காணோம். பயந்து ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். முறையை மாற்றினால் திரும்பி வரும்.

ரிதம்பாக்ஸ் என்ற பாட்டு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு, எம்எஸ்சி பிளேயர் வெறும் பென் டிரைவாகத் தெரிந்தால் மீடியா-பிளேயர்-இன்ஃபோ பொதி இருக்கிறதா என்று பார்க்கலாம். எனக்கு அது தேவைப்படவில்லை, கோப்புறைகளை அப்படியே இழுத்துப் போட்டேன். காப்பி முடிந்தது என்று காட்டினாலும் முறையாக எஜெக்ட் செய்யாமல் பிடுங்காதீர்கள். தகவல் இன்னும் கணினி நினைவகத்திலேயே நின்றுகொண்டிருக்கும். ஒரு முறை பிடுங்கிவிட்டு, மூன்று கேசட் பாதியில் அறுந்து போனதைப் பார்த்தேன்.

சரி, எம்எஸ்சி எதற்கு? ராக்பாக்ஸ் போடத்தான். பிளேயரின் சொந்த மென்பொருளுக்குப் பதிலாக ஓடும், 2001ல் ஸ்வீடனில் ஆர்க்கோஸ் கம்பெனியின் பிளேயருக்காகத் தொடங்கிய திறமூல மென்பொருள் அது. தொடங்கியவர்களில் ஒருவர், இணையத்திலிருந்து தகவலைக் கொண்டுவரும் கர்ல் என்ற கருவியை எழுதிய டேனியல் ஸ்டென்பர்க். அதை நிறுவ பிளேயரின் வட்டில் நேரடியாக எழுத வேண்டும். ராக்பாக்ஸில் எனக்குப் பிடித்தது அதன் பேசும் மெனு. பார்வை இல்லாதவர்களும் தாங்களே பாட்டைத் தேடி எடுக்க முடியும். ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் அதன் பெயரைச் சொல்லும் சிறிய ஒலித்துண்டு ஒன்றை வைத்துவிட்டால், அந்தக் கோப்புறைக்கு வந்ததும் அது ஒலிக்கும்.

கணினிக் குரல் பெரியம்மாவுக்குப் புரியாது. அதனால் நானே பேசிப் பதிவு செய்தேன். ஊர்ப் பெயர், வருடம், பாடியவர் பெயர், இவ்வளவுதான் ஒவ்வொன்றிலும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு, 41 கேசட்டுக்கும் 41 துண்டு. எல்லாவற்றையும் ராக்பாக்ஸ் கேட்கும் ஸ்பீக்ஸ் என்ற ஒலி வடிவத்துக்கு மாற்றி உள்ளே வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்பாசமுத்திரம் போய்க் கையில் கொடுத்தேன். நடுப் பட்டன் எது என்று பெருவிரலால் தடவிக் கண்டுபிடித்தார். கீழ்ப் பட்டனை ஒவ்வொன்றாக அழுத்தி, இயர்போனில் கேட்டுக்கொண்டே வந்தவர், பதினேழாவதில் நிறுத்தினார்.

"ஏ அய்யா, இது கல்லிடைக்குறிச்சி இல்ல. அந்த வருசம் மழை பெஞ்சு கொடை தள்ளிப்போச்சு. உங்க பெரியப்பா சேரன்மாதேவியிலதான் இத புடிச்சாக. மாத்திச் சொல்லு."

கேசட் உறையில் கல்லிடைக்குறிச்சி என்றுதான் எழுதியிருந்தது. மடிக்கணினியை அவர் கட்டிலிலேயே வைத்துத் திறந்து, மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு, பதினேழாவதைத் திரும்பப் பேசினேன்.