மூன்றாவது பள்ளம்

நவம்பர் 3

கோள் தேடும் டெஸ் செயற்கைக்கோளின் தரவில், ஒரு விண்மீனின் வெளிச்சத்தில் இரண்டு பள்ளம். நடுவே 19 நாள். காலையிலிருந்து வேறெதிலும் மனம் ஒட்டவில்லை.

நவம்பர் 4

ராத்திரி மறுபடியும் பார்த்தேன். விண்மீனின் வெளிச்சம் நாள்கணக்கில் ஒரே மட்டமாகப் போகிறது. திடீரென்று 1000-க்கு 3 பங்கு இறங்கி, நாலு மணி நேரம் அடியில் கிடந்து, பழைய மட்டத்துக்கே ஏறுகிறது. அடி தட்டை. கோள் ஒன்று குறுக்கே கடந்தால் இப்படித்தான் தெரியும். கூம்பாக இறங்கியிருந்தால் அப்போதே விட்டிருப்பேன். இரண்டு விண்மீன்கள் ஓரம் உரசி ஒன்றையொன்று மறைத்தால் பெரும்பாலும் அப்படித்தான் தெரியும். இது சூரியனைவிடச் சின்ன, ஆரஞ்சு நிற விண்மீன். கணக்குப் போட்டால் நெப்டியூனைவிடக் கொஞ்சம் பெரிய கோள் வருகிறது. 'வருகிறது' என்றுதான் எழுதுகிறேன். 'இருக்கிறது' என்று எழுதக் கை வரவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். குப்புறப் படுத்தபடியே, "மூணாவது வரட்டும்மா" என்றார்.

நவம்பர் 5

கண் ஆபரேஷன் ஆன அப்பாவுக்குக் குப்புறப் படுக்கை இன்னும் ஆறு நாள். கண்ணுக்குள் விட்டிருக்கும் வாயுக் குமிழி மேலே எழும்பி விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டுமாம்; அதற்கு முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். கழுத்துவலி தாங்காமல் இரண்டு மணிக்கு எழுப்பினார். தைலம் தேய்த்துவிட்டேன். தூக்கம் போய்விட்டது, கெலோஸ் கதையைச் சொல் என்றார்.

டிடியே கெலோஸ் அப்போது ஆராய்ச்சி மாணவர். 51 பெகாசி என்ற விண்மீன், கோள் ஒன்று இழுக்கிற மாதிரி, நாலு நாளுக்கு ஒருமுறை ஆடுவதாகக் கருவி சொல்கிறது. வியாழன் மாதிரி ஒரு கோள் அவ்வளவு நெருக்கத்தில் சுற்றும் என்று அன்றைக்கு யாரும் எதிர்பார்க்கவில்லை. தன் மென்பொருளில்தான் பிழை என்று மனுஷன் தேடித் தேடிப் பார்த்தார். 1995 மார்ச்சோடு விண்மீன் சூரியன் பக்கம் போய் மறைந்துவிட்டது. ஜூலை வரைக்கும் காத்திருந்து, எப்போது எந்தப் பக்கம் ஆடும் என்று முன்கூட்டியே கணித்துவைத்து, அவருடைய பேராசிரியர் மிஷேல் மயோரும் அவரும் மறுபடி பார்த்தார்கள். கணித்தபடியே ஆடியது.

"அந்த நாலு மாசம் எப்படித் தூங்கினானோ" என்றார் அப்பா, தலையணைக்குள்ளிருந்து.

நவம்பர் 6

அப்பாவுக்கு வலி குறைவு. தரவு வரவில்லை.

நவம்பர் 8

பயமாக இருக்கிறது. டெஸ் செயற்கைக்கோளின் ஒரு பிக்சல் வானத்தில் 21 வில்நொடி அகலம் (ஒரு பாகையை 3600 பங்காக்கினால் ஒரு பங்குதான் வில்நொடி). அதற்குள் எத்தனை விண்மீன்கள் ஒண்டிக்கொண்டிருக்கலாம்! பின்னால் எங்கோ மங்கலான இரட்டை விண்மீன் ஒன்று பாதி அணைந்தால் போதும். அந்த இருட்டு என் விண்மீனின் வெளிச்சத்தில் கலந்து, கரைந்து, 1000-க்கு 3 ஆகிவிடும். இரண்டு பள்ளத்தின் ஆழத்தையும் ஒப்பிட்டேன். சமம். பள்ளத்தின்போது ஒளியின் நடுப்புள்ளி நகர்கிறதா? நகர்ந்தால் மங்குவது வேறு விண்மீன். மயிரிழை நகர்கிற மாதிரி இருக்கிறது. நாலு தடவை வரைந்து பார்த்தேன். நாலு தடவையும் வேறு வேறு பதில்.

நவம்பர் 9

இன்றைக்கு முழுக்க வானியலாளர் ஆண்ட்ரூ லைன் நினைப்பு. ஒரு பல்சரை, அதாவது துடிப்பு விண்மீனைச் சுற்றிக் கோள் இருப்பதாக 1991-ல் அறிவித்தவர். ஆறு மாதச் சுற்று. பூமியின் பாதை சரியான வட்டமில்லை. அதைக் கணக்கில் ஒழுங்காகத் திருத்தாததால் பிறந்த கோள் அது. 1992 ஜனவரியில் வானியலாளர்கள் கூடிய அரங்கில் எழுந்து, தப்பு என்னுடையது என்றார். அரங்கமே எழுந்து கைதட்டியது. அதே கூட்டத்தில் வோல்ஷ்சான் என்ற வானியலாளர் இன்னொரு பல்சரைச் சுற்றும் கோள்களைப் பற்றிப் பேசினார். அவை உண்மை.

எனக்கு லைனைத்தான் அதிகம் பிடிக்கிறது.

நவம்பர் 11

நிமிர்ந்து உட்காரலாம் என்றார் டாக்டர். அப்பா தலையை மெல்ல இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். "கண்ணுக்குள்ள ஒரு கோடும்மா. தண்ணி மட்டம் மாதிரி ஆடுது. கோட்டுக்கு மேல வெளிச்சம் தெரியுது."

நான் அழுதது அவருக்குத் தெரியாது.

நவம்பர் 12

ஆல்ஃபா செண்டாரி 'ஏ' விண்மீன் பக்கத்தில் 2024 ஆகஸ்டில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பார்த்த, கோளாக இருக்கலாம் என்ற அந்தப் புள்ளி, 2025 பிப்ரவரியில் இல்லை, ஏப்ரலிலும் இல்லை. இத்தனைக்கும் நாலு ஒளியாண்டுதான். கணித்துப் பார்த்த பாதைகளில் பாதியில், இரண்டு முறையும் அது விண்மீனை ஒட்டி மறைந்திருக்குமாம். இல்லாததும் தெரியாததும் ஒன்றில்லை. இதை யாரிடமாவது சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது.

நவம்பர் 13

ஐயோ. தரவு தொடங்கி முதல் பள்ளம் 3-ம் நாள், அடுத்தது 22. அப்படியானால் மூன்றாவது 41-ம் நாள். டெஸ் பூமியைச் சுற்ற 13.7 நாள், ஒவ்வொரு சுற்றிலும் பூமியை நெருங்கும்போது நோக்குவதை நிறுத்திவிட்டுத் தரவை அனுப்பும். மூன்று சுற்று 41.1 நாள். மூன்றாவது பள்ளம் அந்த இடைவெளியில்தான் விழும்.

முதல் நாளே இதைப் பெருக்கிப் பார்த்திருக்க வேண்டாமா?

நவம்பர் 17

வந்துவிட்டது. கோடு மட்டமாக வருகிறது, வருகிறது, கடைசி நாற்பது நிமிடத்தில் சரிகிறது. அங்கேயே தரவு முடிகிறது. மறுபக்கம் தொடங்கும்போது பழைய மட்டம். பூமியின் சிதறல் ஒளியும் அந்த ஓரத்தில் ஏறியிருக்கிறது. சரிவு அதனாலும் இருக்கலாம்.

அப்பாவைக் கூப்பிட்டேன். திரையில் மூக்கு இடிக்கக் குனிந்து, கோட்டின் மேல் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனார். முடிகிற இடத்தில் விரல் நின்றது.

"இரும்மா, என் கோடும் ஆடுது. அது நிக்கட்டும்."

நவம்பர் 18

அடுத்தது 60-ம் நாள். நாலு சுற்று 54.8. இடைவெளியில் விழாது.