அம்மாவின் நேர்த்திக்காக உகந்தை வழியே கதிர்காமம்

முருகா, உன் கருணையை என்னவென்று எழுதுவேன்! முப்பது வருடத்துக்கு மேலாக அம்மாவின் நெஞ்சில் கிடந்த நேர்த்தி இந்த ஆடியில் நிறைவேறிவிட்டது. காலில் கொப்புளம் இன்னும் காயவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

போர் நடந்த 1990இல் அண்ணா பன்னிரண்டு நாள் வீடு வரவில்லை. அந்த வருடம் வீடு வராதவர்களைப் பற்றி மட்டக்களப்பில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அம்மா மண்டூர் முருகன் வாசலில் விழுந்து, பிள்ளை திரும்பினால் காட்டுப்பாதையால் கதிர்காமம் நடந்து வருவேன் என்று மஞ்சள் துணியில் காசு முடிந்தார். அண்ணா வந்துவிட்டார். ஆனால் நடக்கப் பாதை இல்லை. பயம் தெளிந்து பாதை திறந்தபோது அம்மாவின் முழங்கால் போய்விட்டது. இப்போது அவருக்கு எழுபத்தெட்டு. "நீ போ மனே. என்ட காலும் உன்ட காலும் அவனுக்கு ஒண்டுதான்" என்று முடிச்சை மகள் என் கையில் வைத்தார்.

கூடவே ஒரு ஆதங்கத்தையும் சொன்னார். அம்மா சின்னப் பிள்ளையாகப் போன கதிர்காமம் வேறு. இராமகிருஷ்ண மிஷன் மடத்தில் தங்கி, தேவாரம் பாடி, தமிழ்க் குரல் கேட்டபடி நின்ற கோயில் அது. மடம் கைமாறியது, பெயர்ப்பலகைகள் மாறின. "இப்ப அங்க நம்மட பூசை இல்லையாம்" என்று அம்மா சொல்லும்போது குரல் இறங்கிவிடும். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. அதைச் சுமந்துகொண்டுதான் நடந்தேன்.

பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி, குருமண்வெளித் துறையில் இறங்கி, பெருந்தெருவில் கதிர்காமம் நடக்கும் சாமிமாரோடு சேர்ந்தேன். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து ஒரு மாதத்துக்கு மேலாக நடந்து வந்தவர்கள் அவர்கள். பாண்டிருப்பில் திரௌபதை அம்மனை வணங்கிவிட்டு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஒரு தமிழ் ஊர், ஒரு முஸ்லிம் ஊர் என மாறி மாறி வரும் வழி. 2012 கணக்கெடுப்பின்படி அம்பாறை மாவட்டத்தில் நூறு பேரில் 43 பேரளவில் முஸ்லிம்கள். பேசுவது எங்கள் தமிழ்தான், எங்களை விட அழகாகவே பேசுவார்கள். ஆனாலும் 1990இல் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே நடந்த கொலைகளை இந்தத் தெருவின் எந்தப் பக்கமும் மறக்கவில்லை. நானும் நிந்தவூருக்குள் தலையைக் குனிந்துகொண்டேதான் நடந்தேன்.

ஒரு கடை வாசலில் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்க மகள்" என்றார். பிளேன்டீ வந்தது. ஊரைக் கேட்டார். மண்டூர் என்றதும் அடுத்து அவர் கேட்டதுதான் என்னை நிமிர வைத்தது: "எந்தக் குடி?" எங்கள் பகுதிக்கு வெளியே இருந்து யாரும் கேட்காத கேள்வி அது. குடி என்றால் தாய்வழியில் வரும் வம்சம். அது அவர்களுக்கும் உண்டு, அவர்கள் பள்ளிவாசல் நிர்வாகமும் குடிமுறையில் நடந்த காலம் உண்டு. நான் சொன்னேன், அவரும் தன் குடியைச் சொன்னார். "கதிர்காமத்துல எங்கட பள்ளியும் இருக்கு மகள். நான் சின்ன வயசில வாப்பாவோட போயிருக்கன்" என்றார். பிளேன்டீக்குக் காசு வாங்கவில்லை.

முப்பது வருடம் பாடசாலையில் படிப்பித்தேன். பிள்ளைகளின் படிவத்தில் இனம், மதம் என்று இரண்டு கட்டம் இருக்கும். முஸ்லிம் பிள்ளைக்கு இரண்டிலும் ஏறத்தாழ ஒரே சொல். தமிழ்ப் பிள்ளைக்கு இரண்டாவது கட்டத்தில் இந்து என்றும் வரும், கிறிஸ்தவம் என்றும் வரும். நான் கை ஓயாமல் நிரப்பியிருக்கிறேன். பிள்ளைக்கு உண்மையிலேயே பக்தி இருக்கிறதா என்று கேட்க அதில் இடம் இல்லை. பிறந்த வீட்டோடு வந்த சைவம்தான் என்னுடையதும். கொப்புளம் உடைந்து செருப்பில் ஒட்டும்போதும் அடுத்த அடியை வைக்கச் சொன்னது எது என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

திருக்கோவிலில் சித்திர வேலாயுதரைக் கும்பிட்டு, கோமாரி, பொத்துவில் தாண்டியதும் சனம் பெருகிவிட்டது. இதைச் சொல்லாமல் விட முடியவில்லை: ஒலிபெருக்கி கட்டிய வேன்கள் நடப்பவர்களை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு போகின்றன. தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கொடுக்க நான்கு பேர் பதாகை பிடித்துப் படம் எடுக்கிறார்கள். வெறும் போத்தல்கள் காட்டோரம் முழுக்கக் கிடக்கின்றன. யானைகள் நடக்கும் இடம் ஐயா அது! முருகனுக்கு நடக்க வந்தவர்கள் அவன் காட்டைக் குப்பையாக்கலாமா?

பாணமையில் தமிழும் சிங்களமும் ஒரே வீட்டுக்குள் கலந்திருக்கிறது. அங்கிருந்து ஒரு குடும்பம் எங்களோடு உகந்தைக்கு நடந்தது. நாங்கள் "அரோகரா" என்றால் அவர்கள் "ஹரோ ஹரா" என்பார்கள். சுருதி சற்று விலகும், அவ்வளவுதான்.

காட்டுவாசலில் இருக்கும் உகந்தை முருகன் கோயிலில் இரண்டு இரவு. முருகன் வந்திறங்கிய கல்லோடத்தையும் வள்ளி மலைச் சுனைகளையும் பார்த்தாலே அலுப்பு தீரும் என்று பெத்தா, எங்கள் பாட்டி, சொல்லுவார். எனக்கும் தீர்ந்தது. காட்டுவாசல் திறந்து பெயர் பதிந்து உள்ளே போனதும் ஐந்து நாள்: கும்புக்கன் ஆறு, கொதிக்கும் மணல், முள், இரவில் தூரத்து யானைப் பிளிறல். மூன்றாம் நாள் தண்ணீர் தீர்ந்து நான் மரத்தடியில் சரிந்துவிட்டேன். என்னைத் தூக்கியது யார், வாயில் தண்ணீர் விட்டது யார் என்று இன்றுவரை தெரியாது. கண் திறந்தபோது சுற்றிலும் சாமிமார். அவன்தான் வந்தான் என்று நம்புகிறேன்.

சரி, கதிர்காமம். மாணிக்க கங்கையில் முழுகி எழுந்ததும், பூசை வட்டி என்கிற பூசைத் தட்டு விற்பவர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். தட்டு ஒன்றுக்குச் சொன்ன விலையைக் கேட்டால் அம்மா அங்கேயே இருந்து அழுதிருப்பார். நெரிசலில் என் தோளிலிருந்த பையும் அறுந்தது. முடிச்சு மட்டும் உள்ளங்கையில் இருந்தது.

உள்ளே போனேன். வள்ளி தெய்வானையோடு முருகன் எழுதிய திரை. அதற்கு அப்பால் யாரும் பார்ப்பதில்லை. அப்போது பூசை செய்யும் கப்புறாளை வந்தார். வாயை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார். மந்திரம் இல்லை, ஒரு சத்தம் இல்லை. திரை விலகாமல் உள்ளே போனார்.

எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. எங்கள் மண்டூரும் இதுதானே! வாய் கட்டிய பூசகர் கப்புகனார், மூடிய திரை, மந்திரமில்லாத பூசை. அதனால்தானே மண்டூரைச் சின்னக் கதிர்காமம் என்கிறோம். பிறந்ததிலிருந்து நான் கும்பிட்ட முறை என் கண் முன்னால் நடக்கிறது. அதைச் செய்பவர் சிங்களத்தவர், பக்கத்தில் அழுதுகொண்டிருப்பது ஒரு சிங்களத் தாய், பின்னால் திருப்புகழ் பாடுவது யாழ்ப்பாணத்துச் சாமி. நம்மட பூசை இல்லை என்று இத்தனை வருடம் எதைச் சொன்னோம்? மடம் போன வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம். அது நியாயமான வருத்தம். ஆனால் அந்தத் திரைக்கு முன்னால் முருகனை யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

மஞ்சள் முடிச்சைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். கப்புறாளை அவிழ்க்காமல் கொண்டு போனார். பாதிப் பழத்தோடு தட்டு திரும்பி வந்தது. முடிச்சு வரவில்லை. எத்தனை நேரம் அழுதேனோ தெரியாது.

வெளியே வந்து அம்மாவுக்கு எடுத்தேன்.

"குடுத்திட்டியா மனே?"

"ஓம் அம்மா. வாங்கிட்டான்."

"பூசை எப்பிடி?"

"வாய் கட்டித்தான் அம்மா. நம்மட மண்டூர் மாதிரியே."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அண்ணாவைப் பக்கத்தில் கூப்பிடும் குரல் கேட்டது. இருவரும் சேர்ந்து அரோகரா சொன்னார்கள்.