புரசைவாக்கத்தில் ஒரு மார்கழி ஞாயிறு

மார்கழி ஞாயிறு விடியலில் புரசைவாக்கம் கங்காதரேசுவரரைத் தரிசித்துவிட்டு நேராக வீடு திரும்புவதுதான் என் வழக்கம். சென்ற மார்கழியில் ஒரு நாள், நெற்றி நிறையத் திருநீறும் கையில் ஒரு தொன்னை வெண்பொங்கலுமாக அதே புரசைவாக்கத்தில் இருக்கும் யூனிடேரியன் என்ற கிறிஸ்தவ சபைக்குப் போனேன். எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர் இரண்டு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "வந்து உட்கார்ந்து பாருங்கள் தம்பி. ஞானஸ்நானத்துக்கு யாரும் பிடித்து இழுக்க மாட்டார்கள்."

வாசலில் தயங்கிக் கைக்குட்டையை எடுத்தேன். "எதற்கு அழிக்கிறீர்கள்? சட்டையெல்லாம் கொட்டிக்கொள்ளப் போகிறீர்கள்" என்றார். அப்படியே உள்ளே போனேன்.

தமிழில் பாட்டு, வேத வாசிப்பு, பிரசங்கம், ஜெபம். எந்தத் தேவாலயத்திலும் நடப்பதுதான். ஆனால் மிஷன் பள்ளியில் படித்த என் காது ஒன்றுக்காகக் காத்திருந்து ஏமாந்தது. 'பிதா, குமாரன், பரிசுத்த ஆவி' கடைசிவரை வரவே இல்லை. ஜெபம் முழுக்கப் பிதா ஒருவரிடமே போனது.

ஆராதனை முடிந்து தேநீர் வந்தபோது அச்சுக்கோப்பாளர் பெரியவரிடம் காரணம் கேட்டேன். "கடவுள் ஒருவர். ஏசு எங்களுக்கு ஆசான். அவர் வழியில் நடக்கப் பார்க்கிறோம், அவரைக் கும்பிடுவதில்லை" என்றார். அப்படியானால் கிறிஸ்துமஸ்? "குருவின் பிறந்தநாளைக் கொண்டாட மாட்டோமா?" இன்னதை நம்பு என்று விசுவாசப் பிரமாணம் ஒப்பிக்க வைப்பதில்லை, அவரவர் அறிவும் மனசாட்சியும் ஒப்பியதை நம்பலாம் என்பது அவர்கள் வழி. இன்று இவ்வளவு எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அன்று, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவத்தை மறுத்ததற்காக மிகேல் செர்வெட்டஸ் என்ற ஸ்பானிய அறிஞரை 1553இல் ஜெனீவாவில் உயிரோடு எரித்தார்கள். இன்றைய ருமேனியாவில் உள்ள டிரான்சில்வேனியாவில் இந்தச் சபையை வளர்த்த பிரான்சிஸ் டேவிட் 1579இல் தேவா கோட்டைச் சிறையில் இறந்தார்.

சென்னைக்கு இதை எந்த வெள்ளைக்காரப் பாதிரியும் கொண்டுவரவில்லை என்பதுதான் என்னை அசைத்தது. வேலைக்காரராக இங்கிலாந்து போன திருவேங்கடம் என்ற தமிழர், அங்கே யூனிடேரியன் போதகர்களான தியோபிலஸ் லின்ட்சே, ஜோசப் பிரீஸ்ட்லி ஆகியோரின் எழுத்துகளைப் படித்தார். பிரீஸ்ட்லி என்றால் ஆக்சிஜனைப் பிரித்துக் காட்டிய அதே விஞ்ஞானிதான். அவருடைய தேவாலயத்தை 1791 பர்மிங்காம் கலவரத்தில் கொளுத்தினார்கள். திருவேங்கடம், வில்லியம் ராபர்ட்ஸ் என்ற பெயரோடு ஊர் திரும்பி 1795இல் சபையைத் தொடங்கினார். 1813இல் புரசைவாக்கத்தில் சபைக்குத் தேவாலயம் எழுந்தது. எசமானர் வீட்டு வேலைகளுக்கு நடுவே இறையியல் நூல் படித்த அந்த மனிதரை நினைத்துக்கொண்டே தேநீரை ஆறவிட்டுவிட்டேன். மேகாலயாவின் காசி–ஜெயந்தியா மலைப்பகுதியில் ஹஜோம் கிசோர் சிங் 1887இல் தொடங்கிய யூனிடேரியன் சபை ஆளில் இதைவிடப் பெரியது. ஆனால் வயதில் நம் புரசைவாக்கம்தான் மூப்பு!

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அங்கே பக்தி பொங்கவில்லை. கற்பூர வாசனையும் மணியோசையும் இல்லாமல் என் மனம் கரைவதில்லை. பிரசங்கத்தில் பாதி வகுப்பறை போல இருந்தது. பெரியவரிடமே சொன்னேன். சிரித்தார். "எனக்கும் சில ஞாயிறுகளில் அப்படித்தான் இருக்கும். ஆனால் சந்தேகத்தை வீட்டில் விட்டுவிட்டு வரச்சொல்லும் இடத்தில் என்னால் உட்கார முடியாது தம்பி."

பெஞ்சின் ஓரத்தில் வைத்திருந்த தொன்னை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கோயில் பிரசாதம் ஆயிற்றே, நீட்டலாமா கூடாதா என்று எனக்குள் ஒரு குழப்பம். எங்கள் வீட்டருகே பண்டிகைப் பலகாரத்தைக் கூட வாங்காத கிறிஸ்தவ வீடுகள் உண்டு. அவரே தொன்னையைத் தன் பக்கம் இழுத்து, வாழையிலைத் துண்டை விலக்கி, ஆறி இறுகிப்போன பொங்கலில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். இரண்டு மூன்று முறை மென்றார்.

"மிளகு கொஞ்சம் அதிகம்" என்றார்.