கர்ப்பிணிக்குச் சளிக்காய்ச்சல்: 'நார்மல்' என்று நம்பிவிடக் கூடாத எண்கள்

மாசமாக இருக்கும் பெண்ணுக்குச் சளியும் காய்ச்சலும் வந்தால் நம் வீடுகளில் இரண்டு பேச்சு எழும். "சாதாரண ஜலதோஷம்தானே, மூணு நாள்ல போயிடும்" என்பது ஒன்று. "வயித்துல பிள்ளை இருக்கு, மாத்திரை எதுவும் போடாதே" என்பது இன்னொன்று. இரண்டுமே சிகிச்சையைத் தள்ளிப்போட வைக்கின்றன. அந்தத் தாமதத்தின் விலை என்ன என்பது 2009 பன்றிக்காய்ச்சல் பரவலில் அமெரிக்காவில் எண்களாகவே பதிவானது. அங்கே மக்கள்தொகையில் கர்ப்பிணிகள் ஏறத்தாழ 1%. அந்தக் காய்ச்சலில் இறந்தவர்களிலோ 5%. அறிகுறி தொடங்கி இரண்டு நாட்களுக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை கிடைத்த கர்ப்பிணிகளோடு ஒப்பிட்டால், நான்கு நாட்களுக்கு மேல் தாமதித்துக் கிடைத்தவர்கள் ஐ.சி.யு.வில் சேர்க்கப்படும் வாய்ப்பு 6 மடங்கு.

காரணம் கர்ப்பிணியின் நுரையீரலில் இருக்கிறது. நிறைமாதம் நெருங்கும்போது நுரையீரலுக்கு அடியில் இருக்கும் தசைத் தகடான உதரவிதானம் ஏறத்தாழ 4 செ.மீ. மேலே தள்ளப்படுகிறது. மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் தங்கி நிற்கும் காற்று சுமார் 20% குறைகிறது. அதே வேளையில் உடலின் ஆக்சிஜன் தேவை 20% அளவுக்குக் கூடுகிறது. கையிருப்பு குறைந்து செலவு கூடிய நிலை இது. நிமோனியா வந்துவிட்டால் ஆக்சிஜன் அளவு மற்றவர்களைவிட விரைவாகச் சரிவது இதனால்தான்.

இங்கே ஒரு குழப்பம் வரும். "எட்டு மாசத்துல மூச்சு வாங்கத்தானே செய்யும்" என்பார்கள். வாங்கும்தான். புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் ஒவ்வொரு மூச்சையும் ஆழமாக்குகிறது. அதைத்தான் கர்ப்பிணி மூச்சு வாங்குவதாக உணர்கிறார். ஆனால் ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்ற கணக்கு கர்ப்பத்தால் பெரிதாக மாறுவதில்லை. எனவே எண்ணிப் பாருங்கள். உட்கார வைத்து, பேச்சுக் கொடுக்காமல், மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் தவறு வரும். 20 வரை சரி. அதைத் தாண்டினால் அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும். 24க்கு மேல் போனாலோ, ஒரு வாக்கியத்தை மூச்சு விடாமல் முடிக்க முடியாவிட்டாலோ 108ஐ அழைக்க வேண்டியதுதான். கர்ப்பத்தால் வரும் இயல்பான மூச்சு வாங்கல் மெல்ல மெல்ல வாரக்கணக்கில் வரும். நேற்று இல்லாதது இன்று வந்தால் அது வேறு.

அடுத்து விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர். கர்ப்பிணிக்கு 95% கீழ் வரம்பு. மற்றவர்களுக்கு 93, 94 என்றால் வீட்டிலேயே கவனிக்கலாம் என்று விடுவதுண்டு. கர்ப்பிணியிடம் அப்படி விடக் கூடாது. தாயின் ரத்தத்திலிருந்து குழந்தையின் ரத்தத்துக்கு ஆக்சிஜன் கடந்து போக, இரண்டு பக்கத்துக்கும் இடையே போதிய அழுத்த வேறுபாடு வேண்டும். தாயிடம் குறைந்தால் அந்த வேறுபாடும் குறையும். அளக்கும்போது நகப்பூச்சை அழித்துவிடுங்கள். வளைகாப்புக்கு இட்ட அடர்ந்த மருதாணி விரலில் இருந்தால் மருதாணி படாத விரலிலோ கால் விரலிலோ மாட்டிப் பாருங்கள். கருத்த தோலில் இந்தக் கருவி உண்மை அளவைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதும் நிரூபணமானது. நம்மைப் போன்ற நிறத்தவருக்கு 95 என்று காட்டினால் அதை எல்லைக்கோடாகவே எடுத்துக்கொள்வது நல்லது.

மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு மூன்றாவதாக ஓர் எண். தமனி ரத்தத்தில் உள்ள வாயுக்களை அளக்கும் ஏ.பி.ஜி. பரிசோதனைச் சீட்டில் கார்பன் டை ஆக்சைடின் இயல்பு அளவு 35 முதல் 45 என்று அச்சாகியிருக்கும். ஆழமாக மூச்சு விடுவதால் கர்ப்பிணியின் இயல்பு அளவு 28 முதல் 32தான். நிமோனியாவோடு போராடும் கர்ப்பிணிக்கு அது 40 என்று வந்தால், சீட்டில் 'நார்மல்' என்றிருந்தாலும் அவர் மூச்சு விட்டே களைத்துப்போகிறார் என்று பொருள். செயற்கைச் சுவாசத்துக்குத் தயாராக வேண்டிய நேரம் அது. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியாட்டினினும் இப்படித்தான்: மற்றவர்களுக்கு 1.0 சாதாரணம், கர்ப்பிணிக்கு அது சிறுநீரகம் சிரமப்படுவதன் அடையாளம். வெள்ளணு எண்ணிக்கையும், ரத்தம் உறைவதைக் காட்டும் டி-டைமரும் நேர்மாறு. கர்ப்பத்திலேயே அவை உயர்ந்திருக்கும். அவற்றை மட்டும் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

சரி, மாத்திரைக்கு வருவோம். ஃப்ளூ என்று சந்தேகம் வந்தால் ஓசெல்டாமிவிர் 75 மி.கி., காலையும் இரவும், 5 நாட்கள். டாமிஃப்ளூ என்று பலருக்கும் தெரிந்த மருந்து. மத்திய சுகாதாரத் துறையின் வழிகாட்டுதலில் கர்ப்பிணிகள் 'பி' பிரிவில் வருகிறார்கள். பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கலாம் என்பதுதான் அதன் சாரம். 48 மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறப்பு. அது கடந்திருந்தாலும் நோய் கடுமையாக இருந்தால் கொடுக்கவே செய்வார்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். அசித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. மேலே பாக்டீரியா நிமோனியா சேர்ந்தால்தான் அதற்கு வேலை.

காய்ச்சலைப் பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டாம். பின்னால் மூளையாகவும் தண்டுவடமாகவும் மாறும் கருவின் நரம்புக்குழாய் கடைசி மாதவிடாயிலிருந்து 6 வாரத்துக்குள் மூடுகிறது. அந்தக் காலத்தில் கடும் காய்ச்சல் நீடிப்பது நரம்புக்குழாய்க் குறைபாட்டோடு தொடர்புடையது. பாராசிட்டமால் 500 அல்லது 650 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை போடலாம். கடையில் கேட்டு வாங்கும் 'கோல்டு மாத்திரை'யில் பெரும்பாலும் பாராசிட்டமாலும் கலந்திருக்கும். இதையும் அதையும் சேர்த்துப் போட்டால் அளவு இரட்டிப்பாகும். அதிலுள்ள மூக்கடைப்பு மருந்து ரத்த அழுத்தத்தையும் ஏற்றலாம். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபனாமிக் அமிலம் போன்றவை 20 வாரத்துக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கும். கடைசி மூன்று மாதத்தில் குழந்தையின் இதயத்தருகே திறந்திருக்க வேண்டிய ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுப்பவர் அதை நிறுத்தவே கூடாது. கபசுரக் குடிநீர் முதலிய கஷாயங்களைக் கர்ப்பிணி தாமாக எடுத்துக் குடிக்க வேண்டாம்.

மார்பு எக்ஸ்ரேக்கு மறுப்புச் சொல்லித் திரும்பி வருபவர்கள் பலர். வயிற்றுக் குழந்தையை எட்டும் கதிர்வீச்சு 0.01 மில்லிகிரேக்கும் குறைவு. கவலைப்படத் தொடங்கும் அளவு 50 மில்லிகிரே. நிமோனியாவைக் கண்டுபிடிக்காமல் விடுவதுதான் ஆபத்து.

இதுவரை சொன்னது தாயின் உடல். நஞ்சுக்கொடியின் கதை தனி. தாயின் எண்கள் எல்லாம் நன்றாக இருக்கும்போதே அங்கே சேதம் நடக்கலாம் என்பதைக் கோவிட் காட்டிக்கொடுத்தது.

நஞ்சுக்கொடி சுமார் அரை கிலோ எடையுள்ள, ரத்தத்தில் ஊறிய பஞ்சு போன்ற உறுப்பு. குழந்தையின் ரத்தக்குழாய்கள் ஓடும் நுண்விரல்கள் அதில் கிளை கிளையாகப் பிரிந்து நிற்கின்றன. தாயின் ரத்தம் அந்த நுண்விரல்களுக்கு இடையே உள்ள வெளியில் பாய்ந்து அவற்றைக் கழுவிக்கொண்டு போகிறது. இரண்டு ரத்தமும் கலப்பதில்லை. நுண்விரலின் மேல் போர்வையாக இருக்கும் ட்ரோஃபோபிளாஸ்ட் அடுக்கின் வழியேதான் ஆக்சிஜனும் உணவும் கடக்கும். இந்த அடுக்கு மிக உறுதியான காவல். பருவகால ஃப்ளூ வைரஸ் இதைக் கடந்து குழந்தையை எட்டுவது அபூர்வம். அதில் பாதிப்பு பெரும்பாலும் காய்ச்சல், அழற்சி, ஆக்சிஜன் குறைவு வழியாக வருவதே. கோவிட் வைரஸும் பெரும்பாலானவர்களிடம் இந்தக் காவலைத் தாண்டவில்லை.

தாண்டிய சிலரிடம் நடந்தது கொடுமை. அந்த அடுக்கு செல்கள் மடிகின்றன. நுண்விரல்களுக்கு இடையே தாயின் அழற்சி செல்கள் குவிகின்றன. ஃபைப்ரின் என்ற உறைபொருள் படிந்து, ரத்தம் பாய வேண்டிய வெளி அடைபட்டுப் போகிறது. வெட்டிப் பார்த்தால் கருஞ்சிவப்பாக மிருதுவாக இருக்க வேண்டிய இடம் வெளிறி இறுகிக் கிடக்கும். 12 நாடுகளின் நிபுணர்கள் சேர்ந்து 2022ல் வெளியிட்ட ஆய்வில் 64 இறந்து பிறந்த குழந்தைகளுக்கும், பிறந்தவுடன் இறந்த 4 குழந்தைகளுக்கும் உரிய நஞ்சுக்கொடிகளைப் பார்த்தார்கள். சராசரியாக 77% திசு அழிந்திருந்தது. தாய்மார்கள் தடுப்பூசி போடாதவர்கள். குழந்தைகள் இறந்தது பெரும்பாலும் வைரஸ் அவர்களின் உறுப்புகளைத் தாக்கியதால் அல்ல, ஆக்சிஜன் கிடைக்காமல்.

இது அரிதான நிலை. ஆனால் தாயின் நோய்க் கடுமைக்கும் இதற்கும் நேர்த்தொடர்பு இல்லை. லேசான இருமலோடு வீட்டிலேயே இருந்த பெண்களுக்கும் வந்தது, அதுவும் தொற்று வந்த ஒன்றிரண்டு வாரங்களுக்குள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 நவம்பரில் வெளியிட்ட கணக்கில், கோவிட் இருந்த பிரசவங்களில் குழந்தை இறந்து பிறக்கும் வாய்ப்பு 1.9 மடங்கு. டெல்டா வகை வைரஸ் பரவிய காலத்தில் மட்டும் பார்த்தால் 4 மடங்கு.

வீட்டிலிருந்து நஞ்சுக்கொடியைக் கண்காணிக்க ஒரே வழி குழந்தையின் அசைவு. 28 வாரத்துக்குப் பிறகு, சாப்பிட்டபின் இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்து, வேறெதிலும் கவனம் வைக்காமல் எண்ணுங்கள். 2 மணி நேரத்தில் 10 அசைவு என்பது பரவலாகச் சொல்லும் அளவு. அதைவிட முக்கியம், வழக்கத்திலிருந்து மாறியிருக்கிறதா என்பது. தினமும் இரவு எட்டு மணிக்குப் புரண்டு உதைக்கும் பிள்ளை இன்று மந்தமாக இருந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள். காய்ச்சல் விட்டு இரண்டு வாரம் வரையாவது இந்தக் கவனிப்பு தேவை. மருத்துவமனையில் இதயத்துடிப்பை மட்டும் கேட்டுவிட்டு அனுப்பினால் போதாது. குழந்தையின் இதயத்துடிப்பைத் தொடர்ந்து வரைபடமாகப் பதியும் சி.டி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள், சமீபத்தில் சளிக்காய்ச்சல் இருந்தது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடி மஞ்சள் பையில் போட்டுக் கழிவாகப் போய்விடும். குறைமாதப் பிரசவம், எடை மிகக் குறைந்த குழந்தை, இறந்து பிறந்த குழந்தை என்றால் அதை நோய்க்குறியியல் பரிசோதனைக்கு அனுப்பும்படி குடும்பம் கேட்க வேண்டும். திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போடும் முன்பே வைரஸ் சோதனைக்குச் சிறு துண்டு எடுத்துவைப்பது நல்லது. ஏன் இப்படி ஆனது என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் அந்தப் பையில்தான் இருக்கும். அடுத்த கர்ப்பத்துக்கான திட்டமும் அந்த விடையைப் பொறுத்ததே.

நோய் முற்றி வார்டில் சேர்ந்த பிறகு டாக்டர்களுக்கு முன்னால் வரும் கடினமான முடிவுகளில் ஒன்று ரத்த அழுத்தம் பற்றியது. 18 நாடுகளில் நடந்த இன்டர்கோவிட் ஆய்வில், கோவிட் வந்த கர்ப்பிணிகளுக்கு, கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி மற்ற உறுப்புகளையும் பாதிக்கும் ப்ரீ-எக்லாம்சியா வரும் வாய்ப்பு 1.76 மடங்கு. ஆனால் கடும் கோவிட் நிமோனியாவே ரத்த அழுத்தத்தையும் கல்லீரல் என்சைம்களையும் ஏற்றி, தட்டணுக்களைக் குறைத்து, ப்ரீ-எக்லாம்சியா போலவே வேடம் போடும். ஸ்பெயினில் 2020ல் கவனித்த ஒரு தொகுப்பில், நிமோனியா தேறியதும் இந்த அறிகுறிகளும் பிரசவம் ஆகாமலேயே தணிந்த நிகழ்வு உண்டு. உண்மையான ப்ரீ-எக்லாம்சியாவுக்குத் தீர்வு பிரசவம். வேடத்துக்காகக் குறைமாதக் குழந்தையை அவசரமாக வெளியே எடுத்தால் இரண்டு உயிருக்கும் சிரமம். இதைப் பிரித்துப் பார்க்க நஞ்சுக்கொடிப் புரதங்களை அளக்கும் ரத்தப் பரிசோதனை உதவுகிறது.

ஸ்டீராய்டிலும் ஒரு நுட்பம். டெக்ஸாமெத்தசோன் நஞ்சுக்கொடியைக் கடக்கும். குறைமாதக் குழந்தையின் நுரையீரலைத் தயார்படுத்த அதுதான் வேண்டும்: 6 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒன்றாக 4 ஊசி. அதற்குப் பிறகும் தாயின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு தொடர வேண்டுமென்றால் பிரெட்னிசலோன் 40 மி.கி.க்கு மாற்றுவார்கள். அதன் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு என்சைம் செயலிழக்கச் செய்துவிடுகிறது. குழந்தையிடம் போய்ச் சேர்வது குறைவு. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியோ நஞ்சுக்கொடியைக் கடப்பதே இல்லை. கர்ப்பத்திலேயே ரத்தம் உறையும் தன்மை கூடியிருக்கும். அதோடு படுக்கையும் தொற்றும் சேர்வதால் அந்த ஊசியை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

ஃப்ளூ தடுப்பூசியை எந்த மாதத்திலும் போடலாம். செயலிழந்த வைரஸ் ஊசி மட்டும், 0.5 மி.லி. கையில், மூக்கில் தெளிக்கும் உயிருள்ள வகை கூடாது. தேசிய அட்டவணையில் கர்ப்பிணிகளுக்கு இது இல்லை, எனவே நீங்களாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். டெல்லிப் பக்கம் ஃப்ளூ ஜூலை முதல் செப்டம்பர் வரை உச்சத்தில் இருக்கும். சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பர், அதாவது ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம். எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் ஆகும் என்பதால் செப்டம்பருக்குள் போட்டுவிடுவது நல்லது. 6 மாதம் முடியாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. அதுவரை அதைக் காப்பது நஞ்சுக்கொடி வழியாகத் தாய் அனுப்பிய எதிர்ப்புப் புரதங்கள்தான், அவை பெரும்பகுதி கடைசி நான்கு வாரத்தில் கடக்கின்றன.

பிரசவ சமயத்தில் தாய்க்கு ஃப்ளூவோ கோவிட்டோ இருந்தாலும் தாய்ப்பால் கொடுக்கலாம். முகக்கவசம் போட்டு, சோப்பால் 20 விநாடி கை கழுவி, நேராக மார்பிலேயே பருகக் கொடுங்கள். ஓசெல்டாமிவிர் மாத்திரையும் அதற்குத் தடை அல்ல. பால் கொடுக்காத நேரத்தில் குழந்தையின் தொட்டிலை ஆறடி தள்ளிப் போடுங்கள். பார்க்க வருபவர்களில் இருமுகிறவர் யாராக இருந்தாலும், பாட்டியே ஆனாலும், வாசலோடு அனுப்பிவிடுங்கள்.