வீட்டை உலுக்குவது
மூன்று நாளாக வீட்டை ஒழித்துக்கொண்டிருக்கிறேன், சமையலறை இன்னும் பாக்கி. வருஷத்துக்கு ஒருமுறையாவது எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுத் துடைத்தால்தான் எனக்கு வீடு வீடாக இருக்கும். ஈரானில் நவ்ரூஸ் புத்தாண்டுக்கு முன்னால் செய்யும் இந்த வேலைக்கு 'கானே தெகானி' என்று பேர், அதாவது வீட்டை உலுக்குவது. எவ்வளவு பொருத்தமான பேர்! ஜப்பானில் இதையே டிசம்பர் கடைசியில் செய்கிறார்கள். குளிர் நாடுகளில் அந்தக் காலத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு மாசக்கணக்கில் விறகும் கரியும் எரிப்பார்கள், வசந்தம் வரும்போது சுவரெல்லாம் கரி படிந்திருக்கும், துடைக்காமல் எப்படி இருக்க முடியும்?

தரையை முதலில் தொடாதீர்கள். தூசி கீழேதான் விழும், அதனால் ஒட்டடை, மின்விசிறி, அலமாரி, கடைசியில்தான் தரை. விசிறியை நிறுத்திவிட்டு, பழைய தலையணை உறையை இறக்கைமேல் மாட்டி இரண்டு பக்கமும் அழுத்தி இழுங்கள், தூசி உறைக்குள்ளேயே நின்றுவிடும். நேற்று எனக்குச் சாம்பல் நிறத்தில், கிழிந்த கம்பளித் துண்டு மாதிரி சுருண்டு வந்தது.

அப்புறம் ஒன்று, தயவுசெய்து கேளுங்கள். ப்ளீச்சையும் ஆசிட்டையும் ஒன்றாக ஊற்றாதீர்கள், வினிகரும் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், கதவு சாத்திய குளியலறையில் அது நுரையீரலையே பதம் பார்த்துவிடும்.

பீரோவை நகர்த்தினால், பின்னால் அம்மாவின் மூக்குக்கண்ணாடி. எத்தனை நாள் தேடினாள்! துடைத்து மேசைமேல் வைத்திருக்கிறேன்.